கூலி கேட்ட ஆட்டக்காரர்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

மலருக்குக் கட்டுரை தருமாறு ஆசிரியர் கேட்டபோது, கல்வெட்டையோ கோயிலையோ பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். வரலாற்று மாணவனிடம் எல்லோரும் எதிர்பார்ப்பதும் அதுதானே! ஆயினும் வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு சச்சரவு என்னை வேறு பொருளுக்கு இழுத்துச் சென்றுவிட்டது.

என் தம்பி வெள்ளிமலையில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். உடற்கல்வி ஆசிரியர் ஒருநாள் அவன் கையில் ஒரு பழைய ஹாக்கி மட்டையைக் கொடுத்தார். அன்று பிடித்த பித்து இன்னும் அவனை விட்டபாடில்லை. சாமை அறுவடையன்று காட்டுக்கு வராமல் ஆட்டத்துக்குப் போய்விட்டான். அந்தியில் வீடு திரும்பியவனைப் பார்த்து அப்பா கேட்டது ஒரே கேள்விதான். "பந்தடிச்சா எவன்டா கூலி குடுப்பான்?"

சமவெளியில் உள்ளவர்களுக்கு இக்கேள்வி சாதாரணமாகப் படலாம். எங்கள் மலையில் அதற்கு வேறு கனம் உண்டு. கல்வராயன் மலை 1976ஆம் ஆண்டு ஜூன் மாதம் வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது; நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்தே அரசு அதனை நேரடியாக எடுத்துக்கொண்டது. ஜாகீர் காலத்தில் மலைமக்கள் கூலியின்றி வேலை செய்ய வேண்டியிருந்தது. அதற்கு வெட்டி என்று பெயர். கள்ளக்குறிச்சியில் 'வெட்டி வேலை' என்றால் பயனற்ற வேலை என்று பொருள் கொள்வர். என் தாத்தாவின் வாயில் அச்சொல்லுக்குப் பொருள் ஒன்றே: உழைப்பு நம்முடையது, கூலி கிடையாது. ஆகவே, மகன் நாள் முழுவதும் வியர்க்க விளையாடிவிட்டு வெறுங்கையோடு வருவதைக் கண்ட அப்பாவுக்கு எது நினைவுக்கு வந்திருக்கும் என்பதை நான் ஊகித்துக்கொண்டேன்.

அவருக்கு விடை சொல்ல வேண்டும் என்று தேடத் தொடங்கினேன். முதல் விடை எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. கதர் இயக்கத்தைப் பற்றிய பாடத்துக்காகக் 'கோமகதா மாரு' கப்பலின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். குர்தித் சிங் அமர்த்திய அக்கப்பலில் 376 இந்தியர்கள், பெரும்பாலும் சீக்கியர்கள், ஹாங்காங்கிலிருந்து புறப்பட்டு 1914 மே 23 அன்று கனடாவின் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தனர். அவர்களுள் இருபது பேர் அளவிலானவர்களைத் தவிர ஏனையோரைக் கனடா அரசு கரையிறங்க விடவில்லை. இரண்டு மாதம் கடலிலேயே தவித்த கப்பல் திருப்பி அனுப்பப்பட்டது. செப்டம்பரில் கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ் பட்ஜில் துப்பாக்கிச் சூடு நடந்து இருபது பேர் அளவில் மாண்டனர். இவையெல்லாம் நம் பாடநூலில் உள்ளவை. பாடநூலில் இல்லாத ஒரு செய்தி வேறொரு நூலில் கண்ணில் பட்டது. வான்கூவரில் அக்கப்பலில் முதலில் ஏறிய குடியேற்றத் துறை அலுவலர், பனித்தரை ஹாக்கி ஆட்டக்காரர் பிரெட் டெய்லர் என்பவராம்!

பனித்தரை ஹாக்கி நமக்கு அறிமுகம் இல்லாத ஆட்டம். உறைந்த பனிக்கட்டியின் மேல், அடியில் இரும்புத் தகடு பொருத்திய காலணியோடு வழுக்கி ஓடியபடி, பந்துக்குப் பதிலாக ரப்பர் வில்லையை நீண்ட மட்டையால் அடிப்பர். அக்காலத்தில் அணிக்கு ஏழு பேர். இன்று ஆறு பேர். டெய்லரின் வேகத்தைக் கண்டு மக்கள் அவருக்குச் 'சூறாவளி' என்று பட்டம் சூட்டினர். ஆடுவதற்குப் பணம் வாங்குவது இழுக்கு என்று கனடாவின் ஆட்டச் சங்கங்கள் கருதிய காலம் அது. 1898இல் பெர்லின் என்ற ஊரின் அணி (ஜெர்மனியில் அன்று, ஒண்டாரியோ மாகாணத்தில் உள்ளது) அண்டை ஊரை வென்ற மகிழ்ச்சியில், மேயர் ஆளுக்குப் பத்து டாலர் பொற்காசு ஒன்று கொடுத்தார். அந்தக் காசுக்காக அணி முழுவதையும் சங்கம் விலக்கி வைத்தது. அவ்வணியில் இருந்த பல் மருத்துவர் கிப்சன் எல்லை கடந்து அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குச் சென்றார். அங்கே 1904இல், எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வெளிப்படையாகவே ஊதியம் தரும் முதல் பனித்தரை ஹாக்கி லீக் அமைவதற்கு அவரே காரணராக இருந்தார். டெய்லரும் 1906இல் அங்கே போய்ச் சேர்ந்தார். டொரோன்டோ அணிக்கு ஆட மறுத்ததற்காக ஒண்டாரியோ சங்கம் அவரை ஒரு பருவம் முழுவதும் ஆடவிடாமல் தடுத்து வைத்திருந்தது.

1909-10 பருவத்தில் ரென்ஃப்ரூ என்னும் சிற்றூர் அணி, 12 ஆட்டங்களுக்காக அவருக்கு 5,250 டாலர் தந்தது. ஆட்டக் கணக்கில் பார்த்தால் அன்றைக்கு அவ்வளவு ஊதியம் பெற்ற விளையாட்டு வீரர் வேறொருவர் இல்லை என்பர். அப்படியிருந்தும் அம்மனிதர் அரசு வேலையை விடவில்லை. 1907இல் ஒட்டாவா அணி அவரை அழைத்தபோது 500 டாலரோடு குடியேற்றத் துறையில் ஒரு வேலையையும் சேர்த்தே கொடுத்தது. அந்த வேலைதான் பின்னர் வான்கூவரில் அவரை நம்மவர் கப்பலில் ஏற வைத்தது. 1950இல் ஓய்வு பெறும்வரை அவருக்குச் சோறு போட்டதும் அதுவே. தம் ஊதியத்துக்காகச் சங்கத்தையே எதிர்த்து நின்ற ஒருவர், கூலி தேடி வந்த 376 பேரின் முன்னே சட்டத்தின் கையாளாக நின்றார் என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு கசப்பு உண்டாகத்தான் செய்கிறது. அவர் 1979இல், 94ஆம் வயதில் காலமானார்.

இக்கதையை அப்பாவிடம் சொன்னேன். "அது வெள்ளைக்காரன் கதை. நம்மாளு எவனாச்சும் இருக்கானா?" என்றார். நியாயமான கேள்விதான்!

நம்மவர் ஹாக்கி ஆடாதவர்கள் அல்லர். வி.ஜே. பீட்டர் 1960, 1964, 1968 ஆகிய மூன்று ஒலிம்பிக்கில் ஆடி, வெள்ளி, தங்கம், வெண்கலம் என்று மூன்று வகைப் பதக்கமும் பெற்றவர். 1980இல் மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் பெற்ற இந்திய அணியின் தலைவர் வி. பாஸ்கரன். இருவரும் சென்னையின் ஹாக்கி வளர்த்த பிள்ளைகள். ஆனால் அக்கால ஆட்டக்காரர்களுக்குப் படையோ, ரயில்வேயோ, காவல்துறையோ, வங்கியோதான் சம்பளம் கொடுத்தது, ஆட்டம் கொடுக்கவில்லை. மேதை தியான் சந்தே சிப்பாயாகச் சேர்ந்து மேஜராக ஓய்வு பெற்றவரன்றோ! மட்டையையே தொழிற்கருவியாகக் கொண்டு, நாடு நாடாகப் போய் ஆடிப் பிழைத்த முன்னோடிகளுள் ஒரு தமிழர் உண்டு. அவர் தன்ராஜ் பிள்ளை.

தன்ராஜ் தமிழ்நாட்டில் பிறந்தவர் அல்லர். பிழைப்புக்காகப் புனே சென்ற தமிழ்க் குடும்பம் அவருடையது. 1968 ஜூலை 16 அன்று புனேயை அடுத்த கட்கியில், நாகலிங்கம் பிள்ளை, ஆண்டாளம்மா தம்பதியருக்கு நான்காம் மகனாகப் பிறந்தார். தந்தை மைதானப் பணியாளர். படைக்கலத் தொழிற்சாலை ஊழியர் குடியிருப்பில்தான் வாசம். செல்வத்துக்கு அரசன் என்று பொருள்படும் பெயரைப் பிள்ளைக்கு வைத்த பெற்றோர் கையில் செல்வம் மட்டும் இல்லை. ஐந்து ஆண் பிள்ளைகளையும் ஹாக்கி ஆடப் போகச் சொன்னவர் தாய் ஆண்டாளம்மாதான். அந்த வறுமையில் ஒரு தாய்க்கு அப்படிச் சொல்ல எப்படி மனம் வந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பே. எங்கள் வீட்டில் அம்மா வாய் திறக்கவே இல்லை.

மட்டை வாங்கக் காசில்லை. பிறர் ஆடி முடித்தபின் அவர்கள் மட்டையை இரவல் வாங்குவார். உடைந்த மட்டையும் கழித்த பந்தும் கிடைத்தால் அதுவும் சரி. அண்ணன் இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்பட்டபோது தம் பழைய மட்டையைத் தம்பிக்குக் கொடுத்தார். தன்ராஜுக்கென்று சொந்தமாகக் கிடைத்த முதல் மட்டை அதுதான். இச்செய்தி அவரே அளித்த ஒரு பேட்டியில் உள்ளது. அப்பேட்டி மத்திய அரசின் ஏழாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. படிப்பு தமக்கு ஏறவில்லை என்றும், ஹாக்கி இல்லாவிடில் கடைநிலை ஊழியர் வேலைகூடக் கிடைத்திராது என்றும் அதில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். படித்துக்கொண்டிருக்கும் நாம் இதைப் படிக்கையில் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

16 வயதில், 1985இல், மணிப்பூரில் நடந்த இளையோர் தேசியப் போட்டியில் ஆடினார். மெலிந்த உடம்பு, குழந்தை முகம். மைதானத்திலோ மூக்கு நுனியில் கோபம். பின்னர் பம்பாயில் இருந்த அண்ணன் ரமேஷிடம் போய்ச் சேர்ந்தார். 1988 சியோல் ஒலிம்பிக் பயிற்சி முகாமுக்கு 57 பேர் அழைக்கப்பட்டனர். அவர் பெயர் அதில் இல்லை. அடுத்த ஆண்டே, புதுதில்லியில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக முதன்முறை களம் இறங்கினார். மகிந்திரா நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. பிற்காலத்தில் ஏர் இந்தியாவுக்கு மாறினார்.

அவர் ஆட வந்த காலம் இந்திய ஹாக்கிக்கு நல்ல காலம் அன்று. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்தரைக்குப் பதிலாகச் செயற்கைத் தரை வந்தது. புல்லில் பந்து தத்தும், நிற்கும். அதனைக் கையின் நுணுக்கத்தால் அடக்கி ஆளும் கலையே நம்மவர் பலம். செயற்கைத் தரையிலோ பந்து கண்ணாடி மேல் ஓடுவதுபோல் ஓடும்; அங்கே காலின் வேகமும் மூச்சின் நீளமுமே முதன்மை. ஐரோப்பியர் ஊர்தோறும் அத்தரையைப் போட்டுப் பழகினர். நம் நாட்டில் ஒரு மாநிலத்துக்கு ஒன்று போடவே திணறினோம். தன்ராஜ் செயற்கைத் தரையில் முதலில் கால் வைத்ததே 20 வயதை ஒட்டித்தான். எனினும் அத்தரைக்கு வேண்டிய வேகம் அவரிடம் பிறவியிலேயே இருந்தது. நீண்ட தலைமுடி பின்னால் பறக்க, பந்தை மட்டையோடு ஒட்டி வைத்துக்கொண்டு வலப்புறம் ஓடி உள்ளே திரும்பும் அவருடைய ஆட்டத்தைப் பழைய ஒளிப்பதிவுகளில் நீங்களும் காணலாம். 1994 சிட்னி உலகக் கோப்பைக்குப் பின் தேர்ந்தெடுக்கப்பட்ட உலகப் பதினொருவர் அணியில் இடம்பெற்ற ஒரே இந்தியர் அவரே.

இனித் தொழில். ஐரோப்பாவில் ஹாக்கி, ஊர்க் கழகங்களை நம்பி நிற்கும் ஆட்டம். வார இறுதிகளில் லீக் ஆட்டம் நடக்கும். திறமையுள்ள வெளிநாட்டார் ஒருவரைக் கழகம் பருவத்துக்கு ஒப்பந்தம் செய்து, தங்க இடமும் ஊதியமும் தரும். பதிலுக்கு அவர் ஆடுவதோடு கழகத்துச் சிறுவர்களுக்கும் பயிற்சி அளிக்க வேண்டியிருக்கும். கிரிக்கெட்டில் நாம் இன்று காணும் கோடிகளை இதனோடு ஒப்பிடலாகாது. நம் ஊர்க் கரும்பு வெட்டும் குழு பருவத்துக்குப் பருவம் ஆலை தேடிப் போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். தன்ராஜ் ஆடிய கழகங்களைப் பாருங்கள்: லண்டனில் இந்தியன் ஜிம்கானா, பிரான்சில் லியோன், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ், மலேசியாவில் வங்கி அணி ஒன்றும் தொலைபேசி நிறுவன அணி ஒன்றும், டாக்காவில் அபஹானி, ஹாங்காங்கில் கால்சா கழகம். கோமகதா மாரு புறப்பட்ட அதே ஹாங்காங்கிலே, சீக்கியர் நடத்தும் கழகத்துக்குக் கட்கியின் தமிழ்ப் பிள்ளை ஒருவர் ஊதியம் பெற்று ஆடினார் என்பதைப் படித்தபோது புத்தகத்தைச் சிறிது நேரம் மூடி வைத்துவிட்டேன்.

வெளிநாட்டுக் கழகத்தில் மதிப்பாக நடத்தப்பட்டவருக்கு உள்நாட்டு நிலை உறுத்தாமல் இருக்குமா? 1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் தலைமையில் இந்தியா இறுதியாட்டத்தில் தென்கொரியாவைப் பெனால்டி ஸ்ட்ரோக்குகளில் வென்றது. 1966க்குப் பின், 32 ஆண்டு கழித்துக் கிடைத்த தங்கம் அது. அத்தொடரில் இந்தியாவுக்காக மிகுதியான கோல் அடித்தவரும் அவரே. இந்தியாவே கொண்டாடியது. ஆனால் அடுத்து வந்த பாகிஸ்தான் தொடருக்கு அணியை அறிவித்தபோது தலைவர் பெயரைக் காணவில்லை! அவரோடு மூத்த வீரர்கள் ஆறு பேரையும் காணவில்லை. களைத்திருக்கிறார்கள், ஓய்வு கொடுத்திருக்கிறோம் என்று கூட்டமைப்பு சொல்லியது. வீரர்களுக்கு ஆட்டப்படி போதவில்லை, வெளிநாட்டில் ஆடும் வாய்ப்பு போதவில்லை என்று அவர் வெளிப்படையாகப் பேசியதே உண்மைக் காரணம் என்று நாடெங்கும் பரவலாக நம்பப்பட்டது.

நாட்டுக்காக ஆடுவோர் காசு பேசலாமா என்று அன்று கேட்டவர்கள் உண்டு, இன்றும் கேட்பார்கள். என் கருத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை. பெருமையைக் காட்டிக் கூலியை மறுப்பது எங்கள் மலைக்குப் பழகிய வழக்கம். பெரியவர் வீட்டு வேலை செய்வதே பேறு என்றுதான் வெட்டிக்கும் பெயர் சொன்னார்கள். போட்டியைக் காண வருவோர் நுழைவுச் சீட்டுக்குக் காசு கொடுக்கிறார்கள். ஒளிபரப்புவோர் காசு கொடுக்கிறார்கள். அலுவலகத்தில் இருப்போர் மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். ஓடுகிறவன் மட்டும் பெருமைக்காக ஓட வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. விளையாட்டில் பணம் நுழைந்தால் தூய்மை கெடும் என்பதை நான் மறுக்கவில்லை. சூதாட்டக் கறைகளை நாம் கண்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கறை, படி கேட்டவனால் வந்ததன்று.

கூட்டமைப்பு எவ்வளவு அக்கறையோடு இருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். தன்ராஜ் 339 பன்னாட்டு ஆட்டங்கள் ஆடியவர். எத்தனை கோல் அடித்தார்? அதிகாரபூர்வமான கணக்கே வைக்கப்படவில்லை! 170க்கு மேல் என்பது அவரும் புள்ளிவிவர ஆர்வலர்களும் சொல்லும் எண். 1910இல் டெய்லரின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டாலர் கணக்கு இருந்தது. நம் வீரருக்கு 1990களில் கோல் கணக்குக்கூட இல்லை. என் அப்பா மரவள்ளி மூட்டைக்குச் சுவரில் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைப்பார்.

அவர் மீண்டும் அணிக்கு அழைக்கப்பட்டார். அழைக்காமல் இருக்க முடியவில்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்துக்கு எதிராக 1-0 என்று முன்னணியில் இருந்த இந்தியா, ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத வேளையில் ஒரு கோல் வாங்கியது. அந்தச் சமநிலையால் அரையிறுதி வாய்ப்பு பறிபோயிற்று. 1992, 1996, 2000, 2004 என்று நான்கு ஒலிம்பிக். 1990 முதல் 2002 வரை நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு. நான்கு சாம்பியன்ஸ் டிராபி. இவ்வாறு நான்கிலும் நான்கு முறை ஆடியவர் உலகில் அவர் ஒருவரே என்பர். ஆயினும் அந்த நான்கு ஒலிம்பிக்கில் இந்தியா பெற்ற இடங்கள் 7, 8, 7, 7. ஒலிம்பிக் பதக்கம் அவர் கழுத்தில் ஏறவே இல்லை. 2003இல் கோலாலம்பூரில் அவர் தலைமையில் பாகிஸ்தானை 4-2 என்று வென்று இந்தியா முதன்முறை ஆசியக் கோப்பையைப் பெற்றது. அடுத்த ஆண்டு ஏதென்ஸில், 36 வயதில், பெரும்பொழுது மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு ஓய்வு பெற்றார். சந்தீப் மிஸ்ரா எழுதி 2007இல் வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாற்றின் தலைப்பு, தாயிடம் மன்னிப்புக் கேட்பது. ஆங்கில நூலாயினும் அதில் 'அம்மா' என்ற சொல் தமிழிலேயே நிற்கிறது.

அர்ஜுனா விருது 1995இலும், கேல் ரத்னா 1999-2000 ஆண்டுக்கும் கிடைத்தன, பத்மஸ்ரீயும் உண்டு. ஆனால் ஓய்வுக்குப் பின்னும் அவர் கால்கள் ஓயவில்லை. 2005இல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக்கில் மராத்தா வாரியர்ஸ் அணிக்கும், 2012இல் 43 வயதில் உலகத் தொடர் ஹாக்கியில் கர்நாடகா லயன்ஸ் அணிக்கும் ஆடினார். அந்த லீக்குகள் நிலைக்கவில்லை. 2013இல் தொடங்கி இடையில் நின்றுபோன இந்திய ஹாக்கி லீக் 2024 டிசம்பரில் மறுபடி உயிர்பெற்றது. தமிழ்நாடு டிராகன்ஸ் என்று நம் மாநிலப் பெயரிலும் ஓர் அணி சேர்ந்தது. அதற்கான ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங்கை ஒரு கழகம் 78 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. நம் பக்கத்துப் பிள்ளைகளும் வரத் தொடங்கியுள்ளனர். அரியலூர் கார்த்தி செல்வம், கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல் இருவரும் 2022இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினர். 2025இல் இளையோர் உலகக் கோப்பையே சென்னையிலும் மதுரையிலும் நடந்தது.

இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து அப்பாவுக்குச் சொன்னேன். 78 லட்சம் என்றதற்கு அவர் அசையவில்லை. அவ்வளவு பெரிய தொகை அவருக்குக் கதைபோலத்தான். பாங்காக்குக்குப் பின் பெயரை எடுத்துவிட்டார்கள் என்ற இடத்தில்தான் நிமிர்ந்தார். "ஜெயிச்சுக் குடுத்தப்பறமா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "அவங்கம்மா பேரு என்ன சொன்ன?" என்றார். "ஆண்டாளம்மா" என்றேன். உள்ளே அடுப்படியில் இருந்த அம்மா, "நம்மூருப் பேராட்டம் இருக்குது" என்றார்.

அரசு விளையாட்டு விடுதிகளில் தங்க இடமும் உணவும் பயிற்சியும் இலவசம். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்க்கு மூன்று விழுக்காடு இடமும் உண்டு. இவற்றை மலையில் பலர் அறியார் என்பதால் இங்கே எழுதுகிறேன். தம்பியின் விண்ணப்பத்தைக் கள்ளக்குறிச்சிக்கு எடுத்துவந்தவன் நான்தான். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அப்பாவின் கைந்நாட்டு இருக்கிறது. தேர்வு நடக்கும் நாள் அடுத்த சாமை அறுவடைக்கு முன்னே வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.